ஃபாஸ் 2016ஏ: பெயர் சூட்டு படலம்

நுதலிய பொருள் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது உரையாசிரியர்கள் வகுத்த ஒழுங்கு. சொல்லிவிடுகிறேன். இவ்வாய்வு '2016ஏ' என்னும் ஐந்தெழுத்தைப் பற்றியது. ஐந்தெழுத்து என்றதும் சைவ அன்பர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இது அந்த ஐந்தெழுத்து அன்று. நான்கு இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2012இல் பொதுவெளிக்கு வந்த ஈஸிபில்ட் என்ற மென்பொருள், தன் டூல்செயின்களுக்கு இப்படிப் பெயர் வைக்கிறது: ஃபாஸ் 2016ஏ, ஃபாஸ் 2016பி, இன்டெல் 2016ஏ. உலகின் பல சூப்பர் கம்ப்யூட்டர்களில் விஞ்ஞானிகள் காலையில் எழுந்து முதலில் தட்டச்சு செய்யும் சொற்களில் இது ஒன்று. இதைப் பற்றி இதுவரை தக்கதோர் உரை எழுதப்படாதது நம் காலத்தின் குறை.

டூல்செயின் என்பது யாது எனின், ஒரு விஞ்ஞான நிரலைக் கட்டத் தேவையான கருவிகளை ஒன்றாக முடிந்து வைத்த மூட்டை என்க. அதில் நிரலைப் பொறிமொழியாக மாற்றும் கம்பைலர் ஒன்று. ஆயிரம் கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ள எம்பிஐ ஒன்று. அணிப் பெருக்கலுக்கு பிளாஸ், நேரியல் சமன்பாடுகளுக்கு லாபேக், அதையே பல பொறிகளில் பகிர்ந்து செய்ய ஸ்காலாபேக், ஃபூரியே உருமாற்றத்துக்கு எஃப்எஃப்டிடபிள்யூ. கடைசியாகச் சொன்னதன் முழுப்பெயர் 'மேற்கிலேயே வேகமான ஃபூரியே உருமாற்றம்'. கிழக்கில் யார் வேகம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இவற்றை ஏன் மூட்டையாகக் கட்ட வேண்டும், ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டால் ஆகாதா எனின், ஆகாது. ஒரு கம்பைலரில் கட்டிய நூலகமும் இன்னொன்றில் கட்டிய நிரலும் சேர்ந்தால் சில நேரம் இயங்கவே இயங்காது. இயங்கினால் அதைவிடச் சங்கடம். கணிப்பொறியின் தசமக் கூட்டலில் எதை முதலில் கூட்டினோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கங்கள் மாறும். கம்பைலர் மாறினால் கூட்டும் வரிசை மாறும், வரிசை மாறினால் விடையின் வால் மாறும். ஐந்து ஆண்டுக்கு முந்தைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு அன்றைய மூட்டை அப்படியே வேண்டும். ஆகவே மூட்டைக்குப் பெயர் வேண்டும். பெயர் வேண்டும் என்றவுடன் சண்டையும் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி முன்னோர் வழி. ஈஸிபில்ட்டின் பழைய மூட்டைகளுக்கு 'கோல்ஃப்' என்று ஒரு பெயர் இருந்தது. விளையாட்டு அன்று. உள்ளிருக்கும் உறுப்புகளின் முதலெழுத்துகளைக் கோத்தது: ஜிசிசி, ஓபன் எம்பிஐ, அட்லஸ், லாபேக், எஃப்எஃப்டிடபிள்யூ. பிளாஸ் நூலகமான அட்லஸ் போய் அதன் இடத்தில் ஓபன்பிளாஸ் வந்ததும் ஓர் எழுத்து மாறி அது 'கூல்ஃப்' ஆயிற்று. உச்சரிப்பில் வேறுபாடு காண்பவர் காண்க. பதிப்பெண்கள் 1.1.0 என்றும் 1.4.10 என்றும் 1.7.20 என்றும் போயின. ஒரு மூட்டையின் முழுப்பெயர் 'கோல்ஃப் 1.1.0 நோ ஓஃபெட்'. ஓஃபெட் என்பது இன்ஃபினிபேண்ட் வலையமைப்புக்கான மென்பொருள் தொகுப்பு. அது இதில் இல்லை என்பதையும் பெயரிலேயே பதிந்துவிட்டார்கள். இல்லாததைப் பெயரில் எழுதத் தொடங்கினால் பெயர் எங்கே முடியும் என்ற தத்துவச் சிக்கலை அவர்கள் எதிர்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்டெல் பக்கத்து மூட்டைக்கு 'ஐசிடிசிஇ' என்று பெயர். இன்டெல் கிளஸ்டர் டூல்கிட் கம்பைலர் எடிஷன் என்பதன் சுருக்கம். இன்டெல் நிறுவனம் பின்னாளில் அந்தப் பண்டத்தின் பெயரையே மாற்றிவிட்டது. மூட்டை மட்டும் இல்லாத பண்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு 5.3.0, 5.5.0 என்று நடந்தது.

கூல்ஃப் 1.4.10 என்ற பெயரிலிருந்து ஒருவர் என்ன அறிகிறார்? 1.4.9க்குப் பிந்தையது என்று அறிகிறார். பிறந்த ஆண்டு எது, இன்னும் உயிரோடு இருக்கிறதா, விட்டொழிக்கலாமா என்பவற்றில் ஒன்றும் அறிகிலார். கிளஸ்டர் எனப்படும் கணிப்பொறிக் கூட்டத்தின் முன் உட்கார்ந்திருக்கும் முனைவர் பட்ட மாணவருக்கோ இவை மட்டுமே வேண்டும். ஓபன்பிளாஸ் 0.2.6 உள்ளே இருக்கிறதா என்று அவர் கனவிலும் கேட்பதில்லை. ஆகவே பழைய முறை ஒழிந்து, கூல்ஃப் 'ஃபாஸ்' ஆயிற்று (கட்டற்ற திறமூல மென்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), ஐசிடிசிஇ வெறும் 'இன்டெல்' ஆயிற்று, பதிப்பெண்ணுக்குப் பதில் ஆண்டும் அரையாண்டும் வந்தன. ஆண்டின் முதற்பாதிக்கு ஏ, பிற்பாதிக்கு பி.

இம்மாற்றத்தின் சிறப்பு பின்னர் விளங்கியது. 2021ஏ முதல் ஃபாஸ் மூட்டைக்குள் ஃப்ளெக்ஸிபிளாஸ் வந்து அமர்ந்தது. அது எந்த பிளாஸ் நூலகத்தையும் பின்னால் மாற்றிப் பொருத்த உதவும் இடைத்தரகர். பழைய முதலெழுத்து மரபு நீடித்திருந்தால் கூல்ஃப் இப்போது 'கோஃப்ல்ஃப்' ஆகியிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லும் ஆராய்ச்சியாளருக்குப் பல் மருத்துவரின் துணை வேண்டியிருக்கும். ஃபாஸ் என்ற பெயர் உள்ளிருப்பதைச் சொல்லாததால் உள்ளிருப்பது மாறியும் பிழைத்தது.

இனித் தடைவிடை. எதிர்க்கட்சிகள் நான்கு.

முதற்கட்சியார் எண்வாதிகள். மூன்று எண் வைத்து, பழையதை உடைக்கும் மாற்றம் வந்தால் முதல் எண்ணையும், புதுவசதி வந்தால் இரண்டாவதையும், பிழைதிருத்தத்துக்கு மூன்றாவதையும் ஏற்ற வேண்டும் என்பது இவர்கள் சமயம். செமாண்டிக் வெர்ஷனிங் என்று பெயர், அதன் 2.0.0 விதி 2013இல் வந்தது. தனி நூலகத்துக்கு இது தகும். ஆறு உறுப்பு கட்டிய மூட்டைக்குத் தகாது. என்னை? ஜிசிசி மாறினாலே அதன்மேல் கட்டிய அத்தனையையும் மறுபடி கட்ட வேண்டும். அதாவது ஒவ்வொரு வெளியீடும் உடைக்கும் மாற்றமே. முதல் எண் மட்டும் 1, 2, 3 என்று ஏறும், மற்ற இரண்டும் என்றென்றும் பூச்சியமாய் நிற்கும். ஏறுவதுதான் வேலை என்றால் அந்த வேலையை நாட்காட்டி ஏற்கெனவே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

எண்ணில் வாக்குறுதி ஒளிந்திருப்பது இன்னொரு தொல்லை. சைபை என்ற விஞ்ஞான நூலகம் 2001இல் பிறந்து 2017 அக்டோபரில்தான் 1.0 ஆயிற்று. இடைப்பட்ட பதினாறு ஆண்டும் 'இன்னும் முதிரவில்லை' என்ற அடக்கத்தோடு பூச்சியத்தில் நின்றது. ஈர்ப்பலையைக் கண்டுகொண்டதாக லைகோ ஆய்வாளர்கள் 2016 பிப்ரவரியில் அறிவித்தபோது, அவர்கள் கைக்கருவிகளில் ஒன்றான சைபை இன்னும் பூச்சியப் பருவத்தில்தான் இருந்தது. பிரபஞ்சத்தின் அதிர்வைக் கேட்க உதவினாலும் 1.0 ஆகத் தகுதி போதாது என்று எண்ணியவர்களை அடக்கம் என்பதா, ஐயம் என்பதா என்பது வேறோர் ஆய்வுக்கு உரியது.

இரண்டாம் கட்சியார் சொல்வாதிகள். எண்ணே வேண்டாம், அழகான பெயர் வையுங்கள் என்பவர்கள். டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயரை வைக்கிறது: புக்வார்ம், டிரிக்ஸி. இரண்டில் எது மூத்தது? படம் பார்த்தாலும் தெரியாது. நம்மவர் இதில் இன்னும் ஓரடி முன்னே போகலாம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர் நம்மிடம் தயாராக இருக்கிறது. ஃபாஸ் 2016ஐ ஃபாஸ் துர்முகி என்றும், 2019ஐ ஃபாஸ் விகாரி என்றும் வழங்கலாம். பிழை நிறைந்த வெளியீட்டுக்கு விகாரி என்பது பெயராகவும் எச்சரிக்கையாகவும் நிற்கும் என்ற நன்மை உண்டு. ஆயினும் அகர வரிசையில் அடுக்கினால் கால வரிசை வராது, அறுபது ஆண்டில் பெயர் திரும்பிவிடும் என்ற இரு குற்றங்கள் உள்ளன. விஞ்ஞானிகள் பழைய ஃபோர்ட்ரான் நிரலை விடாமல் வைத்திருக்கும் அழகைப் பார்த்தால் இரண்டாவது குற்றம் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை.

மூன்றாம் கட்சியார் தேதிவாதிகள். ஆண்டு போதாது, நாளும் வேண்டும் என்பவர்கள். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வளர்ந்த லேம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்க நிரல் பிறந்த தேதியையே பெயராகச் சூடும்: '7ஆக2019', '3மார்2020'. படிக்க இனிமையாக இருக்கிறது. அடுக்கச் சொன்னால் கணிப்பொறி இடமிருந்து வலமாக 7ஐயும் 3ஐயும் பார்த்து, 2019 ஆகஸ்டே 2020 மார்ச்சைவிடப் புதியது என்று தீர்ப்புச் சொல்லும். தேதி எழுதுவதில் தவறில்லை. நாளை முன்னும் ஆண்டைப் பின்னும் எழுதியதே வினை.

நான்காம் கட்சி ஒருவர் கட்சி. டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதிய டொனால்டு நூத், பதிப்பு ஏற ஏறப் பை என்னும் எண்ணை நெருங்குமாறு வைத்தார். 2021இல் அது 3.141592653. தம் காலத்துக்குப் பின் அது சரியாகப் பையாகவே ஆகட்டும், அதன்பின் எஞ்சும் பிழைகளெல்லாம் பிழையல்ல, இயல்புகள் என்று கொள்ளப்படட்டும் என்றும் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு நிரலுக்கு மட்டும் இது பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு மூட்டை விடுகிறவர்கள் பன்னிரண்டு ஆண்டில் இருபத்து நான்கு தசம இலக்கத்தை நெட்டுருச் செய்ய வேண்டிவரும்.

கட்சி சேராமலே குழப்பியவர்களும் உண்டு. இன்டெல் 2016ஏ மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கம்பைலர் 2016.1.150, எம்பிஐ 5.1.2.150, கணித நூலகம் 11.3.1.150. ஒரே நிறுவனம், ஒரே மூட்டை, மூன்று பஞ்சாங்கம். அதோடு அந்தக் கம்பைலரையே அழைத்து உன் பதிப்பென்ன என்று கேட்டால் 16.0.1 என்று இன்னொரு விடை சொல்லும். 2015க்கு 15.0, 2016க்கு 16.0, 2019க்கு 19.0 என்று போனதால், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமே பதிப்பு என்று நம்பி ஒரு தலைமுறை வளர்ந்தது. 2020 வந்தது. அதன் பதிப்பு 19.1. அந்தத் தலைமுறையின் முகபாவம் எங்கும் பதிவாகவில்லை.

ஓபன்ஃபோம் என்ற பாய்ம இயக்க நிரலின் கதையும் இவ்வகைப்பட்டது. அது இரண்டு குடும்பமாகப் பிரிந்தது. ஒரு குடும்பம் 6, 7, 8 என்று எண்ணியது. மற்றது ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து வி1706, வி2006 என்று எழுதியது. அறியாதார் கண்ணுக்கு இரண்டாவது ஏறத்தாழ இரண்டாயிரம் பதிப்பு முன்னேறியதாகத் தோன்றும். ஒரே கிளஸ்டரில் இரண்டும் ஃபாஸ் 2020ஏ மேல் கட்டப்பட்டு அடுத்தடுத்து நிற்கும்.

இப்போது ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம்: அந்த ஒற்றை எழுத்து. ஆண்டு சரி, ஏ, பி எதற்கு? மேட்லாப் என்ற கணித மென்பொருள் 2006 முதலே ஆர்2006ஏ, ஆர்2006பி என்று எழுதிப் பழக்கியிருந்தது. உலக நேர வலயங்களின் தரவுத் தொகுப்பும் ஆண்டோடு எழுத்தைச் சேர்த்தே வருகிறது. ஓராண்டில் இசட் வரை தீர்ந்துவிட்டால் அடுத்தது இசட்ஏ என்று அவர்கள் விதி செய்து வைத்திருக்கிறார்கள். உலக அரசுகள் கடிகாரத்தை எத்தனை முறை மாற்றும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முன்வழக்கு உண்டு. எழுத்தில் வாக்குறுதியும் இல்லை. பி என்பது ஏயைவிடச் சிறந்தது என்று எவரும் கோரவில்லை, பிந்தியது, அவ்வளவே.

ஆனால் ஈஸிபில்ட் எழுதப்பட்ட மொழி பைத்தான். பைத்தான் உலகின் பதிப்பெண் சாத்திரம் பெப் 440. அச்சாத்திரப்படி எண்ணுக்குப் பின் 'ஏ' வந்தால் அது ஆல்ஃபா, 'பி' வந்தால் பீட்டா; இரண்டும் வெளியீட்டுக்கு முந்தைய அரைவேக்காடு. அதாவது பைத்தானின் சொந்த இலக்கணம், 2016ஏ என்பதை '2016' என்ற இன்னும் பிறக்காத ஒன்றின் முதற்கரு என்று பொருள்கொள்ளும். தன் பிள்ளையின் பெயரைத் தன் தாய்மொழியே தவறாகப் படிக்கும் நிலை.

அதோடு நிற்கவில்லை. இடையிடையே சோதனை மூட்டைகளுக்கு ஃபாஸ் 2016.04, 2016.06 என்று மாதப் பெயரும் வைத்தார்கள். 2016.04 முந்தியதா, 2016ஏ முந்தியதா? பைத்தான் 2இல் எண்ணுக்கும் எழுத்துக்கும் போட்டி வந்தால் எண் எப்போதும் தாழ்ந்தது. ஆகவே ஏப்ரல், ஏவுக்கு முன்னே போய் நிற்கும். பைத்தான் 3 இன்னும் கண்டிப்பு: எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடுவதே குற்றம் என்று பிழை வீசி நிரலை நிறுத்திவிடும்.

இச்சிக்கலை அவிழ்க்க ஈஸிபில்ட்டின் ஃபாஸ் வரையறை நிரலில் ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். ஒப்பிடும் முன் 'ஏ' வந்த இடத்தில் '.01' என்றும், 'பி' வந்த இடத்தில் '.07' என்றும் மாற்றிக்கொள்வது. 2016ஏ அப்போது 2016.01, 2016பி அப்போது 2016.07; ஏப்ரல் நடுவில் ஒழுங்காக அமர்கிறது. அழகு. இதற்கு நிரலாளர் எழுதிய உரைக்குறிப்பில்தான் பாடச்சிக்கல். .01 என்பது ஜனவரி, .07 என்பது ஜூன் என்று அங்கே எழுதியிருக்கிறது. இந்த நோக்கத்துக்கு இது போதும் என்றொரு குறிப்பும் உடன் உண்டு.

ஜூன் எப்படி ஏழாம் மாதமாகும்? மூன்று விளக்கம் சாத்தியம். ஏடெழுதியவர் கைப்பிழை என்பது ஒன்று. எளிதாக இருப்பதால் ஆராய்ச்சியாளர் ஏற்க மாட்டார். ஜூன் கழிந்து ஜூலை தொடங்கும் சந்திப்பொழுதையே ஆசிரியர் குறித்தார் என்பது இரண்டாவது. உரையாசிரியர் எவரும் இதற்காக ஆறு பக்கம் எழுதத் தயங்கார். மூன்றாவது, இயங்கும் நிரலில் உரைக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது. மூன்றாவதே சிறந்தது என்பது இவ்வாய்வாளன் துணிபு. கணிப்பொறி .07ஐப் படிக்கும், ஜூனைப் படிக்காது. ஆகவே ஒரு கணக்கும் கெடவில்லை.

நான்கு இலக்க ஆண்டுக்கு இன்னொரு பலன் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முற்றாது. இலக்கம் கூடும்போதெல்லாம் மென்பொருள் உலகில் விபத்து நடக்கிறது. 2011இல் ஃப்ரீபிஎஸ்டியின் அடுத்த பதிப்பு 10 என்றானதும், 'ஒன்றில் தொடங்கினால் அது மிகப் பழைய பதிப்பு' என்று நம்பியிருந்த கட்டுமான நிரல்கள் பத்தை ஒன்றாகப் படித்து, புத்தம்புது இயங்குதளத்தைப் புராதனமாகக் கருதிப் பகிர்நூலகங்களைக் கட்ட மறுத்தன. 2021இல் பைத்தான் 3.10 வந்தபோது, மேற்கோள்குறி போடாமல் யாமல் என்னும் அமைவுக் கோப்பில் எழுதியவர்களுக்கெல்லாம் அது 3.1 ஆகச் சுருங்கியது. தசமத்தில் கடைசிப் பூச்சியத்துக்கு மதிப்பில்லை அல்லவா. ஆண்டை எழுதினால் இந்த ஆபத்து 9999 வரை இல்லை. அதற்குப் பின் வருவதை அப்போதைய நிர்வாகி பார்த்துக்கொள்வார்.

ஒப்பீட்டுக்காக எதிர்முகாமையும் ஒருமுறை எட்டிப்பார்க்கலாம். ஸ்பேக் என்ற போட்டி மென்பொருளில் 'டெவலப்', 'மெயின்', 'மாஸ்டர்', 'டிரங்க்' போன்ற சில சொற்கள் எந்த எண்ணையும்விடப் பெரியவை என்று சட்டமே இருக்கிறது. முடிவிலிப் பதிப்புகள் என்று அவற்றுக்குப் பெயர். அச்சொற்களுக்குள்ளும் படிநிலை உண்டு: டெவலப் தலைமை, மெயின் அதற்கடுத்து. முடிவிலிக்குள் மூத்த முடிவிலி, இளைய முடிவிலி என்று பிரித்துக் காட்டிய கணித மேதை கேண்டர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்; நேற்றைய டெவலப்பும் இன்றைய டெவலப்பும் வேறு வேறு என்று கேட்டதும் மகிழ்ச்சி குறைந்திருக்கும்.

ஆக, தீர்ப்பு. மூட்டைக்கு ஆண்டும் எழுத்தும் போதும். அடுக்கினால் கால வரிசையில் நிற்கிறது; பார்த்தவுடன் வயது தெரிகிறது; உள்ளிருப்பது மாறினால் பெயர் பொய்யாகாது; எதையும் வாக்களிக்காததால் எதிலும் தவறாது. 'கிரோமாக்ஸ் 2019 ஃபாஸ் 2018பி' என்று இரண்டு ஆண்டு ஒரே பெயரில் வந்து முதல்முறை பார்ப்பவரைத் திகைக்க வைப்பது ஒன்றே எஞ்சும் குற்றம். முதல் ஆண்டு நிரலுடையது, இரண்டாவது அதைக் கட்டிய கருவியுடையது என்று ஒருமுறை சொன்னால் போதும். அதுவும் 5.1 வரை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்து திடீரென்று 2016க்குத் தாவிய கிரோமாக்ஸ் நிரலின் பொறுப்பே தவிர, மூட்டை கட்டியவர்களின் பொறுப்பன்று.

வாசகர்களில் கிளஸ்டரில் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். செய்முறைப் பகுதியில் 'அண்மைப் பதிப்பைப் பயன்படுத்தினோம்' என்று எழுதாதீர்கள். நிரலின் பெயருக்குப் பக்கத்தில் மூட்டையின் பெயரை, ஆண்டோடும் அந்த ஒற்றை எழுத்தோடும், அப்படியே எழுதுங்கள். ஐந்தெழுத்துக்கு எந்த ஆய்விதழும் பக்கக் கட்டணம் கூட்டுவதில்லை.